சன்னலோரத் தனி மேசை

சுள்ளிக்கு வேறு ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் அது வருகைப் பதிவேட்டோடு சரி. காய்ந்த சுள்ளி மாதிரி சட்டென்று பற்றிக்கொள்கிறாள் என்று அண்ணன் வைத்த பட்டப்பெயர்தான் வீட்டிலும் வகுப்பிலும் நிலைத்துவிட்டது.

அன்று காலை அவள் பற்றிக்கொண்டதில் தப்பே இல்லை. நீங்களாக இருந்தாலும் பற்றிக்கொண்டிருப்பீர்கள்.

அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். போன வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. வந்தது போகவே இல்லை. எங்கும் இடித்துக்கொள்ளாமலே காலெல்லாம் கன்றிப்போனது. பிறகு ஆஸ்பத்திரி, ஊசி, வாந்தி, முடி கொட்டுவது என்று ஒரு வருடம் ஓடிவிட்டது. இப்போது தேறிவிட்டான். மாத்திரையும் ஊசியும் இன்னும் கொஞ்ச காலத்துக்கு உண்டு. ஆனால் பள்ளிக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படிப்பு ஒரு வருடம் விட்டுப்போனதால் தங்கையின் ஆறாம் வகுப்பிலேயே உட்கார வேண்டியதாயிற்று.

"வீட்லயும் இவ மூஞ்சி, கிளாஸ்லயும் இவ மூஞ்சியா?" என்று அலுத்துக்கொண்டான். ஆனாலும் முதல் ஆளாக எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தொப்பியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தபடி கண்ணாடியை விட்டு நகராமல் நின்றவனும் அவன்தான்.

வகுப்புக்குள் நுழைந்தார்கள். கடைசியில், சன்னலோரம், ஒரு மேசை மட்டும் தனியாகக் கிடந்தது. அதைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு.

"உனக்காகத்தான்பா போட்டிருக்கேன்," என்றார் டீச்சர், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. குரல் கனிவாகத்தான் இருந்தது. "உனக்கும் நிம்மதி, மத்தவங்களுக்கும் நிம்மதி."

"மத்தவங்களுக்கு என்ன நிம்மதி டீச்சர்?" என்று கேட்டாள் சுள்ளி.

பதில் கோலியிடமிருந்து வந்தது. அவனுடைய உருண்டைக் கண்களுக்காக வந்த பெயர் அது. "யாரும் தெரியாம கிட்டப் போயிடக் கூடாதுல்ல. அதான் நானே கோடு போட்டேன்." ஏதோ பெரிய உதவி செய்துவிட்டவன் போலச் சொன்னான்.

அவ்வளவுதான். சுள்ளி தொண்டை கிழியக் கத்தினாள். கோட்டைச் செருப்புக் காலால் தேய்தேய் என்று தேய்த்தாள். கோலியை "அறிவு கெட்டவனே" என்றாள். டீச்சரையும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் "வெளியே போய் நில்லு" என்று உத்தரவு வந்துவிட்டது.

நியாயம் கேட்டவள் வராந்தாவில் நின்றாள். கோடு போட்டவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். இதைவிட அநியாயம் உலகத்தில் உண்டா?

சன்னல் வழியாக அண்ணன் தெரிந்தான். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, திறக்காத புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளையில் அவனிடம் யாருமே வரவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"நாளையிலேர்ந்து நான் போகலை."

"யாரு என்னடா சொன்னாங்க?" அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லலை. அதாம்மா பிரச்சினை. ஆஸ்பத்திரில கூட நர்ஸ் அக்கா மாஸ்க் போட்டுக்கிட்டாவது பக்கத்துல உட்கார்ந்து பேசுவாங்க. இங்க ஒருத்தரும் வரலை."

சுள்ளி நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். அம்மாவின் முகம் சிவந்தது.

"சளி, இருமல் இருக்கற பிள்ளைங்களை இவன் பக்கத்துல விடாதீங்கன்னுதானே டீச்சர்கிட்ட சொன்னேன். இவனைத் தள்ளி வைங்கன்னா சொன்னேன்? நாளைக்கு நானே வந்து கேக்கறேன்."

அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். பஸ் மெக்கானிக். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து, ஒரு பழைய டூத்பிரஷ்ஷை வைத்து விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அவனைத் தொடுவார். அன்றும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சுள்ளி அந்தக் கையையே பார்த்தாள். அழுக்கு போக வேண்டியது அப்பாவின் கையிலிருந்து. அண்ணன் கையிலிருந்து இல்லை. அப்படியானால் அந்த மேசை?

"அம்மா, நீ வர வேணாம். நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரிஞ்சுதே," என்றான் அண்ணன்.

"நாளைக்குக் கத்த மாட்டேன். ஒரே ஒரு நாள் வா. உனக்குப் பிடிக்கலைன்னா உன் பையையும் நானே தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துடறேன்."

சுள்ளி கத்தாமல் இருக்கப்போகிறாளா? அதைப் பார்ப்பதற்காகவே போகலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுநாள் வந்துவிட்டான்.

பாடம் தொடங்குவதற்கு முன் சுள்ளி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம். அந்தத் தனி மேசையில உட்கார வெச்சது, அண்ணன்கிட்டேர்ந்து எங்களுக்கு ஏதாவது ஒட்டிக்கும்னா?"

டீச்சர் தயங்கினார். "அப்படியில்லம்மா. ரெண்டு மூணு பேர் வீட்ல கேட்டாங்க. எதுக்கு வம்புன்னுதான்."

"என்ன ஒட்டிக்கும்?"

"கேன்சர்," என்றான் கோலி, மெதுவாக.

சுள்ளியின் காது சூடேறியது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிஜமாகவே கடித்துக்கொண்டாள், வலித்தது. ஆனால் அதற்குள் கடைசியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அது ஒட்டாதுடா." அண்ணன் எழுந்து நின்றிருந்தான். "ஒட்டறதா இருந்தா முதல்ல இவளுக்குத்தான் ஒட்டியிருக்கணும். என் போர்வை, என் பென்சில், என் தட்டுல இருக்கறதுன்னு எதையும் இவ விட்டு வெச்சதில்லை."

வகுப்பு சிரித்தது. முதல் நாள் அவனைப் பார்க்காமல் இருந்தவர்கள்கூட இப்போது திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப அது எப்படி வருது?" கோலிக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"ஏன் வருதுன்னு டாக்டருக்கே சரியாத் தெரியலை. நான் எதையோ தின்னதாலயோ, யாரையோ தொட்டதாலயோ வரலை. எலும்புக்குள்ள ஒரு பட்டறை இருக்கு. ரத்தம் அங்கதான் தயாராகுது. என் பட்டறைல அரைகுறை அணுக்களா உருவாகி, இடத்தை எல்லாம் அடைச்சுக்கிச்சு. நல்ல அணுக்களுக்கு இடமே இல்லை. மருந்து கொடுத்து அதுங்களை விரட்டறாங்க. ஆனா அந்த மருந்து, கிருமியோட சண்டை போடற நல்ல அணுக்களையும் குறைச்சிடுது."

"அப்படின்னா?"

"அப்படின்னா, உனக்குச் சளி பிடிச்சா ரெண்டு நாள் மூக்கு ஒழுகும். அதே சளி எனக்கு வந்தா ஆஸ்பத்திரில படுக்கணும். உனக்கு என்னைப் பார்த்து பயம். எனக்கு உன் மூக்கைப் பார்த்து பயம்."

கோலி அவசரமாகத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

சுள்ளி மறுபடியும் கையைத் தூக்கினாள். குரலை ஒரு படிகூட ஏற்றவில்லை.

"அப்ப டீச்சர், அந்த மேசை சளி பிடிச்சவங்களுக்குத்தானே?"

டீச்சர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதிலாகத் தும்மல் வந்தது. ஒன்று, அதன் மேல் இன்னொன்று. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்தார். மொத்த வகுப்பும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்கம்மா சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டேன். தப்பு என் மேலதான்பா," என்றார் அண்ணனிடம். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சன்னலோரம் நடந்தார். "எழுந்திரு. இது என் இடம்."

பையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து அன்றைய பாடம் முழுவதையும் நடத்தினார். அண்ணன் முன்வரிசைக்கு வந்தான். எங்கே உட்காருவது என்று அவன் பார்ப்பதற்குள் கோலி நகர்ந்து இடம் விட்டான். அதற்கு முன் மேசைக்கு அடியில் குனிந்து, பாட்டில் தண்ணீரைத் தொட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டான். சற்று முன் மூக்கைத் தொட்ட கை அது.

"சாரிடா," என்றான்.

"பரவாயில்லை. கோடு நேராத்தான் போட்டிருந்தே," என்றான் அண்ணன்.

அன்று சுள்ளி தன் பையை மட்டுமே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. இருமல், சளி என்றால் யாரும் சொல்லாமலே சன்னலோரம் போய்விடுவார்கள். வேடிக்கை பார்க்க வசதியான இடம் என்பதால் சிலர் பொய்யாக இருமிப் பார்த்ததும் உண்டு.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் கணக்குப் பாடத்தின் நடுவே சுள்ளிக்கு மூக்கு குறுகுறுத்தது. அடக்கிப் பார்த்தாள். புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்து, சத்தமே வராமல் ஒரு தும்மல் போட்டாள்.

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், இவ தும்மினா," என்றான் அண்ணன்.

"இல்ல டீச்சர், அது தூசி," என்று சுள்ளி பற்றிக்கொண்டு எழுந்தாள். அடுத்த தும்மல் அவளை முந்திக்கொண்டது.

பையை இழுத்துக்கொண்டு சன்னலோரம் போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள். முன்வரிசையில் அண்ணனும் கோலியும் தோளோடு தோள் இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் திரும்பி, தொப்பியைக் கழற்றி, புதிதாக முளைத்த முடி தெரிய ஒரு சலாம் வேறு போட்டான்.

சுள்ளிக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் அடுத்த தும்மலைக் கைக்குட்டைக்குள்தான் தும்மினாள்.