மூட்டிய சாரோங்

மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் ஏறும்போது பிடித்த தூறல், மஹதி வேலைக்கு வந்து சேரும்வரை விடவில்லை. அருங்காட்சியகத்தின் துணிக் கிடங்கு நிலவறையில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஆள் அசைந்தால் விளக்கு எரியும், சும்மா உட்கார்ந்தால் அணைந்துவிடும். பழம்பட்டின் வாடையும் குளிரும் மட்டும் எந்நேரமும் இருக்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் முப்பது மலாய் சாரோங்குகளை, அதாவது மலாய்க் கைலிகளை, படம் எடுத்தாக வேண்டும். மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. பொறுப்பாளர் ஹெலன் அதைப் புதுப்பித்தால்தான் விசா.

"இந்தப் பச்சை சாரோங்கோட தையல மட்டும் பிரிச்சிராத தங்கச்சி," என்று புஷ்பவதி முதல் நாளே சொல்லியிருந்தார். ஈப்போக்காரர், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் மலாய்நாட்டுத் தமிழர். பதினெட்டு வருடமாகக் கிடங்கின் சாவி அவரிடம்தான். "தலைமுடியால தச்சது லா. செய்யாத திருட்டுக்குப் பழி சுமந்த ஒருத்தியோட முடியாம். குடுத்தவங்க லெட்டர்லயே இருக்கு."

மஹதி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். ஈரோட்டில் பிறந்தவளுக்குக் கைலியைப் பற்றிப் பாடமா? அவள் ஊர்க் கடைகளில் கைலியை மூட்டாமல்தான் விற்பார்கள். தெருமுனைத் தையல்காரர் மெஷினில் ஓர் ஓட்டு ஓட்டி மூட்டித் தருவார். பிரிந்தால் மறுபடி மூட்டிக்கொள்ள வேண்டியதுதானே, இதற்குப் போய் இத்தனை கதையா? துணி முழுதாக விரிந்து படத்தில் விழுந்தால் ஹெலன் மெச்சுவார். புஷ்பவதி விடுப்பில் இருந்த புதன்கிழமை, சின்னக் கத்தரியால் தையலைப் பிரித்தாள்.

நூல் விரலில் சுருண்டது. கருகருவென்று, வழவழப்பாக. காலையில்தான் தேங்காயெண்ணெய் வைத்த யாரோ ஒருத்தியின் தலை வாசனை அதிலிருந்து எழுந்தது.

பக்கத்து அலமாரி வரிசையில் விளக்கு எரிந்தது.

அங்கே யாரும் இல்லை.

மறுநாள் ஹெலன் சாரோங்கைப் பார்த்து முகம் வெளுத்தார். "யார் செய்தது இதை?"

"நான் எடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது," என்றாள் மஹதி, வாய் கூசாமல். "கடைசியாக இதைத் தொட்டது புஷ்பவதிதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. நான் இல்லை என்று புஷ்பவதி சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போகும்போது மஹதியை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பார்வைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை காலை இழுப்பறையைத் திறந்தாள். சாரோங்கின் கீழ்முனையில் நான்கு விரல் அகலத்துக்குத் தையல் மூடியிருந்தது. பொடிப் பொடித் தையல், எந்த மெஷினும் போட முடியாத நேர்த்தி. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். இந்த முடி கறுப்பில்லை. நரைத்த வெள்ளை.

பூதக்கண்ணாடியைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினாள். ஆனாலும், இது முழுதாக மூடிக்கொண்டால் நல்லதுதானே, தடயமே இருக்காதே என்று மனதின் ஒரு மூலை நினைத்தது. அப்படி நினைத்தவளை அவளுக்கே பிடிக்கவில்லை. இருந்தும் இழுப்பறையைச் சாத்திவிட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

திங்களன்று பாதி மூடியிருந்தது. செவ்வாயன்று முக்கால்.

அன்று மதியம் சாரோங்கை மேசைமேல் விரித்துவைத்து எதிரில் உட்கார்ந்தாள். அசையவில்லை. விளக்கு அணைந்தது.

சர்ர்ர்.

துணிக்குள் நூல் இழுபடும் சத்தம்.

சர்ர்ர்.

தேங்காயெண்ணெய் வாசனை முகத்துக்கு மிக அருகில் வந்தது.

மஹதி இமைகூட அசைக்கவில்லை. தலைக்கு மேலிருந்த விளக்கு தானாக எரிந்தது. யாரோ தூக்கிப் பிடித்திருந்த துணியின் ஓரம், அப்போதுதான் மெல்ல மேசையில் படிந்துகொண்டிருந்தது.

மழைக்கோட்டைக்கூட எடுக்காமல் ஓடினாள். பஸ் பிடித்து த்ரீ கிங்ஸ் பகுதியில் இருந்த புஷ்பவதி வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவர் தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"நனைஞ்சு வந்திருக்கியே. உள்ள வா."

அந்த அன்பு அவளைச் சுட்டது. தேத்தண்ணி போடப் புஷ்பவதி குனிந்தபோது துண்டு நழுவியது. நரைத்த தலையில் அங்கங்கே முடியே இல்லை. வெறும் மண்டைத்தோல் தெரிந்தது.

"வியாழக்கிழமையிலேர்ந்து கொத்துக் கொத்தா போவுதுமா," என்றார் துண்டை இழுத்துவிட்டபடி. "கவலையாலன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா சீப்புல ஒரு முடி இல்ல, தலகாணியில ஒரு முடி இல்ல. எங்கதான் போவுதோ."

எங்கே போகிறது என்று மஹதிக்குத் தெரியும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நின்ற இடத்திலேயே கூனிக் குறுகினாள். "அக்கா, நான்தான் பிரிச்சேன். நீங்க சொல்லியும் பிரிச்சேன். உங்க மேல பழியப் போட்டதும் நான்தான்."

புஷ்பவதி கெட்டிலை எடுத்துத் தேத்தண்ணியை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.

"தெரியும். என் காதுல சொல்லி என்ன ஆவப் போவுது? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு லா."

புதன்கிழமை காலை ஹெலனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். எச்சரிக்கையைக் கேட்டது, சிரித்தது, பொய் சொன்னது, தையல் மூடிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தது. கடைசியைத் தவிர மற்றதையெல்லாம் ஹெலன் நம்பினார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, இன்றே கடைசி நாள் என்றார். உடனே புஷ்பவதியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். ஹெலனின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மஹதியால் முடியவில்லை.

கிளம்புமுன் சாரோங்கை ஒப்படைக்க வேண்டியிருந்தது. புஷ்பவதிதான் இழுப்பறையைத் திறந்தார்.

வெள்ளைத் தையல், மேல்முனையை எட்ட இன்னும் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும்போதே நின்றுபோயிருந்தது.

அதற்கு மேல் புதிதாக மூன்று தையல். கறுப்பு முடி. நுனியில் மருதாணிச் சிவப்பு.

மஹதியின் கை தன்னையறியாமல் பின்னலுக்குப் போனது. நேற்று மூன்று சுற்று வந்த ரப்பர் பேண்ட், தளர்ந்து கையோடு வந்தது. போன மாதம் ஆசையாக மருதாணி போட்ட முடி.

புஷ்பவதி தையலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். தன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து அவள் தலையில் கட்டிவிட்டார்.

"இன்னும் ஒரு சாண்தான் தங்கச்சி," என்றார் மெதுவாக. "தாங்கிக்கோ."

மஹதி அழுதாள். அழுதபடியே அசையாமல் நின்றாள், புஷ்பவதியும் அசையவில்லை. விளக்கு அணைந்தது.

பக்கத்து வரிசையில் எரிந்தது.