கிழிப்பதற்கு முன் ஒரு பார்வை

“சனியன்... ஒட்டேன்!”

காலைத் தூறலில் நழுவிய போஸ்டரை மல்லாபூர் தொழிற்சாலைச் சுவரோடு அழுத்திப் பிடித்தபடி முணுமுணுத்தாள் ஹம்சா.

“பசையைக் கொஞ்சம் கம்மியா போடுங்க மேடம். சுரண்டிச் சுரண்டி என் தோள்பட்டையே விட்டுப்போச்சு.”

இந்தத் தெலுங்கு ஊரில் தமிழ்! திரும்பினாள். வாளியும் சுரண்டியுமாக ஒருவன். நனைந்த இமைகள்... பல நாள் தூங்காத கண்கள்.

“ஓ... தினமும் கிழிக்கிறது நீங்கதானா?”

“ஹவ்,” ஆமென்று தலையாட்டினான். “ஆபீஸ்ல இருக்கேன், கிருஷ்ணகுமார். மேனேஜர் கிழிக்கச் சொல்றார், கிழிக்கிறேன்.”

போஸ்டரில் இரண்டு விரல்கள் இல்லாத ஒரு கை. டிராயிங் டீச்சரான ஹம்சா ரப்பர் போன்ற லினோ ஷீட்டில் செதுக்கி, மை உருட்டி, காகிதத்தை ஸ்பூனால் தேய்த்து அச்செடுத்தது. கீழே தெலுங்கில் ஒரே வரி: ‘மெஷினுக்குத் தடுப்பு போடு.’

“மாசக்கணக்கா ஒட்டறேன். ஒருத்தர்கூட நின்னு பாக்கறதில்லை...” களைப்போடு சுவரில் சாய்ந்தாள்.

“நான் பாக்கறேனே... கிழிக்கறதுக்கு முன்னாடி. நகத்தைக்கூட விடாம செதுக்கியிருக்கீங்க.” தயங்கினான். “இங்க மெஷின்ல விரல் போன ராமசுவாமி கைதானே அது? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதே நான்தான்.”

அவளுக்குள் ஏதோ இளகியது. மறுநொடியே கோபம் வந்தது.

“தெரிஞ்சுமா கிழிக்கிறீங்க? அவருக்கு ரெண்டு விரல்தான் போச்சு. உங்களுக்கு முதுகெலும்பே போயிடுச்சு!”

அவன் சுரண்டியை எடுத்தான். அவள் கண்ணெதிரிலேயே கிழித்தான்.

அதன் பிறகு இருவரும் பேசவில்லை. அவள் ஒட்டி முடிக்கும்வரை அவன் தள்ளி நிற்பான். அவள் வேண்டுமென்றே மெதுவாக ஒட்டினாள். ஏன் என்று அவளுக்கே புரியவில்லை...

ஒரு நாள், முந்தின நாள் போஸ்டர் அப்படியே இருந்தது. அவனைக் காணோம். எதிர் டீக்கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். தொழிலாளிகள் போஸ்டரைப் படமெடுத்து செல்போனில் பரப்ப, லேபர் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். ‘தடுப்பு இருந்தது, ராமசுவாமிதான் கழற்றினான்’ என்றார் மேனேஜர். ‘பொய். தடுப்பே கிடையாது’ என்றான் கிருஷ்ணகுமார். மெஷினுக்குத் தடுப்பு வந்தது. அவன் வேலை போனது.

டீக்கடைக்காரரிடமே விலாசம் கேட்டுக்கொண்டு திருமுல்கேரிக்கு பஸ் ஏறினாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

“அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது...”

“சரியாத்தான் பேசினீங்க.”

“நக்கோ, சமாதானம் சொல்லாதீங்க.” மூச்சு வாங்கினாள். “கொஞ்ச நாளாவே போஸ்டர் ஒட்ட மட்டும் நான் வரலை. நீங்க வருவீங்களான்னு பாக்கத்தான்... உங்களைப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்.”

அவன் அவளையே பார்த்தான்.

“உங்க பேரைக்கூட நான் கேட்டதில்லையே...”

“ஹம்சா.”

“ஹம்சா...” மெல்லச் சொல்லிப் பார்த்தான். “எனக்கும் பிடிச்சிருக்கு ஹம்சா. ஆனா சந்தோஷப்படக்கூட இப்போ தெம்பில்லை.”

“எனக்கும்தான். கொஞ்சம் நகருங்க...”

நகர்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.