வெள்ளிக் குதிரையை ஓட்டிப் போனவர் யார்?

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. உக்கடம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் இருக்கும் அப்துல் குத்தூஸின் செல்போன் கடையில் ஒரு குதிரை களவு போயிருந்தது.

புல் தின்கிற குதிரை அல்ல. 'புரவிப்படை' என்கிற ஆன்லைன் விளையாட்டில் ஓடுகிற வெள்ளிக் குதிரை. கடையில் நடந்த போட்டியில் ஜெயித்தவருக்கு அதுதான் பரிசு. கையில் கொடுப்பது வெறும் அட்டை. அட்டையில் ஒரு கோட் நம்பர். விளையாட்டுக்குள் போய் அதை அடித்தால் குதிரை வந்து நிற்கும். ஒரு நம்பர், ஒரே ஒரு முறை.

ஜெயித்தவள் அன்னூர் கனிஷ்கா, கல்லூரியில் முதலாண்டு படிப்பவள். சனிக்கிழமை மாலை ஒட்டிய கவரை வாங்கிக்கொண்டு போனவள், மறுநாள் காலையிலேயே அப்பா தனபாலோடு கடை வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஏனுங்க, இதென்ன நாயமுங்க?" என்றார் தனபால். கொங்குநாட்டுக்காரர் கோபத்திலும் 'ங்க'வை விடமாட்டார். "புள்ள நம்பர அடிச்சா, ஏற்கெனவே எடுத்தாச்சுன்னு வருதுங்க. பரிசுன்னு குடுத்துப்போட்டு நீங்களே எடுத்துக்கிட்டா எப்படிங்க?"

குத்தூஸ் பாய்க்கு முகம் வெளுத்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற, கடையில் வேலை பார்க்கும் மிஸ்பாவைத் திரும்பிப் பார்த்தார். கம்பெனியிலிருந்து நம்பர் வந்தது மிஸ்பாவுக்கு. அட்டையில் எழுதியது மிஸ்பா. அதன்மேல் சுரண்டும் ஸ்டிக்கரை ஒட்டி, கவரில் போட்டு மூடியதும் மிஸ்பா. கடையில் வேறு யாரும் அந்த நம்பரைக் கண்ணால் பார்க்கவில்லை.

"நான் எடுக்கலைங்க" என்றாள் மிஸ்பா.

"சாயந்திரத்துக்குள்ள பதில் வரோணுங்க. இல்லாட்டி ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் போவேன்" என்றார் தனபால்.

"ஸ்டேஷனெல்லாம் வேண்டாங்க" என்று பதறினார் குத்தூஸ் பாய். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "மிஸ்பா, நாளையில இருந்து நீ வர வேண்டாம்மா" என்றார்.

மிஸ்பாவுக்குக் கணவர் இல்லை. மகளை இந்தக் கடைச் சம்பளத்தில்தான் படிக்க வைக்கிறாள். ஆனால் அந்த நிமிடம் அவள் சம்பளத்தை நினைக்கவில்லை. திருடி என்ற பேரோடு இந்தச் சந்தில் எப்படி நடப்பது என்றுதான் நினைத்தாள். வேலை போனால் வேறு வேலை. பேர் போனால் போனதுதான்.

இத்தனையையும் கடையின் உள்பக்கம் உட்கார்ந்து சித்திகா கேட்டுக்கொண்டிருந்தாள். குத்தூஸ் பாயின் அக்கா மகள். சரவணம்பட்டியில், இதே விளையாட்டு நிறுவனத்துக்காகப் புகார் கேட்கும் அலுவலகத்தில் வேலை. 'நம்பர் வேலை செய்யவில்லை' என்ற ஒப்பாரியை நாளெல்லாம் கேட்பதுதான் அவள் பிழைப்பு. அலுவலகக் கணினியில் பார்த்தால் ஒரு நொடியில் விடை தெரிந்துவிடும். ஆனால் சொந்தக்காரர்கள் விவகாரத்தை அங்கே தொட்டால் சீட்டுக் கிழிந்துவிடும். மூளையைத்தான் கடன் கேட்க வேண்டும்.

சித்திகாவால் சும்மா இருக்கவும் முடியவில்லை. போன வருடம் அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தினமும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனவள் மிஸ்பா. யாரும் கேட்டுச் செய்யவில்லை, கேளாமலே செய்தாள். அந்த நன்றி சித்திகாவின் நெஞ்சில் அப்படியே இருந்தது.

அவள் எழுந்து வெளியே வந்தாள். "அண்ணா, உக்காருங்க. மொதல்ல டீ குடிங்க. கண்ணு, உன் போனக் குடு."

நெட் சரி. தேதி சரி. விளையாட்டு புதுப்பிக்கப்பட்டிருந்தது. கணக்கு இந்தியக் கணக்குதான். கனிஷ்காவை மறுபடி நம்பரை அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக அட்டையோடு ஒப்பிட்டாள். பிழையில்லை. திரையில் அதே வரி: 'ஏற்கெனவே எடுக்கப்பட்டது.'

"நம்பர் தப்புன்னா, செல்லாதுன்னு வரும். நாள் கடந்துருந்தா, முடிஞ்சுதுன்னு வரும். இது ரெண்டும் இல்ல. யாரோ நிஜமாவே எடுத்துட்டாங்க" என்றாள் சித்திகா.

குத்தூஸ் பாய் பெருமூச்சு விட்டார். மிஸ்பா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சித்திகா அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். மேல்மூலையில் சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். ஸ்டிக்கர் சுரண்டிய இடத்தில், நம்பருக்குக் குறுக்கே, மெல்லிய சிவப்புத் தீற்று ஒன்றும் இருந்தது.

"கவர எப்பப் பிரிச்சீங்க?"

"நேத்து ராத்திரிங்க. அட்டைய சாமி முன்னால வெச்சுட்டோம். நல்ல காரியமில்லீங்களா?" என்றார் தனபால்.

"கனிஷ்கா, காலையில உன் கைக்கு வந்தப்ப ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சா?"

"இல்லீங்கக்கா. சொரண்டித்தான் இருந்துச்சு. நான் குளிச்சுட்டு வந்து எடுத்தேன். அப்பா சொரண்டுனாருன்னு நெனச்சேன்."

"பாத்தியா! முன்னாடியே சொரண்டியிருக்கு!" என்றார் குத்தூஸ் பாய்.

"பொறுங்க மாமா." சித்திகா அவர் பக்கம் திரும்பவில்லை. "உங்க வீட்டுல வேற யாராச்சும் இந்த நம்பர அடிச்சாங்களா அண்ணா?"

"யாருமே அடிக்கலைங்க." தனபால் சட்டென்று சொன்னார். பொய்யில்லாத குரல். பொய்யை நாள்தோறும் காதில் வாங்குபவளுக்கு அது தெரிந்தது.

"இந்தப் போன் நம்ம கடையில வாங்குனதா?"

"ஆமாங்க. எங்க அக்கா தெய்வாத்தாள் கையாலதான் மொதல்ல ஆன் பண்ணுனோம். கைராசிக்காரங்க. எங்க ஊட்டுல போர்வெல் போட்டாலும் சரி, வண்டி எடுத்தாலும் சரி, அவங்க கைதான் மொதல்ல படோணும். அதனாலதான் புள்ள ஜெயிச்சா."

"டிஸ்ப்ளே மாத்துனது தெரியுதே, ரிப்பேருக்குக் குடுத்திருந்தப்ப எதுல ஆடிப் பழகுன கண்ணு?"

"அத்தை போன்லீங்கக்கா. என் ஐடி பாஸ்வேர்டு மறந்துபோச்சு, அதனால ஐடி இல்லாம கெஸ்ட்டா ஆடுனேன். அத்தையும் பக்கத்துல உக்காந்து எல்லாம் கத்துக்கிட்டாங்க. ஃப்ரீயா வர்ற கோடெல்லாம் அவங்களே அடிப்பாங்க." கனிஷ்காவுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "தோட்டத்து மோட்டாரயே போன்லதான் போட்டு நிறுத்துவாங்க."

சித்திகா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "இந்தப் பொட்டு வெச்சது யாருங்க அண்ணா?"

"அக்காதாங்க."

"சொரண்டுனது?"

"அதும் அக்காதான். காலையில நல்ல நேரம் முடியறதுக்குள்ள வந்து, பொட்டு வெச்சு, சொரண்டி..." தனபால் நிறுத்தினார். "அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போற அவசரத்துல இருந்தாங்க."

"சொரண்டிட்டு என்ன பண்ணுனாங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க. ஆரம்பிச்சுக் குடுத்தாங்க, அவ்வளவுதான்."

 சித்திகா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எதுல ஆரம்பிச்சாங்க?"

"அவங்க போன்லதாங்க. புள்ள போன் புள்ளைகிட்ட இருந்துச்சு." தனபாலின் நெற்றி சுருங்கியது. "அதெப்படிங்க அடிச்சதா ஆகும்? வாழை வெக்கறப்ப மொதக் கன்ன அவங்க வெப்பாங்க. மிச்சத்த ஆளுக வெப்பாங்க. அதுக்காகத் தோட்டத்தயே அக்கா நட்டாங்கன்னு சொல்லுவமுங்களா?"

"கன்னு நூறு இருக்குங்க அண்ணா. இது ஒண்ணே ஒண்ணுங்க."

 தனபால் மெதுவாக உட்கார்ந்தார்.

சித்திகா குத்தூஸ் பாயிடம் அட்டையைக் காட்டினாள். "இந்தச் செவப்பப் பாத்தீங்களா மாமா? ஸ்டிக்கருக்கு மேல இல்ல, அடியில நம்பர் மேல இருக்கு. அப்படின்னா சொரண்டுன நகத்துலயே குங்குமம் இருந்திருக்கு. சொரண்டுனது நம்ம கடையில இல்ல, அவங்க சாமி ரூம்ல. சொரண்டுனவங்க எதுக்காகச் சொரண்டுனாங்கன்னுதான் யாருமே கேக்கல. எடுத்தது யாருன்னே எல்லாரும் கேட்டோம். தனபால் அண்ணன் பொய் சொல்லல. அவரு கணக்குல அக்கா எடுக்கவே இல்ல, தொடங்கித்தான் வெச்சாங்க."

கனிஷ்கா அதற்குள் வீடியோ காலில் அத்தையைப் பிடித்துவிட்டாள். திரையில் தெய்வாத்தாள், பின்னால் புழுதி, கூட்டம், நிஜக் குதிரைகளின் கனைப்பு.

"என்ன கண்ணு, வெள்ளிக் குதிர வந்துருச்சா? காலையில நான் அடிச்சதுமே ஜம்முனு வந்து நின்னுச்சே! சகுனம் நல்லாருக்குன்னு சொல்லிப்போட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

"அத்தை, அது உங்க போன்லதான் நிக்குது!"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். குதிரைச் சந்தையில் விலை கேட்டுக்கொண்டு நின்ற அந்த அம்மாளின் கைப்பைக்குள்ளேயே, காணாமல் போன குதிரை காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது.

"அந்த விளையாட்ட மட்டும் அழிச்சுப்போடாதீங்க அம்மா. கெஸ்ட் கணக்கு, அழிச்சா குதிரையும் போயிரும்" என்றாள் சித்திகா. "நீங்களும் கனிஷ்காவும் சேர்ந்து கம்பெனிக்கு எழுதுனா மாத்திக் குடுப்பாங்க. என் சொந்தக்காரங்க கடைங்கறதால நான் கை வெக்க மாட்டேன், வேற ஆள் பாப்பாங்க. ஆனா நடக்கும்."

நடந்ததைத் தம்பி சொல்லக் கேட்டதும் தெய்வாத்தாளின் சிரிப்பு நின்றது. "அந்தப் புள்ளைகிட்ட போனக் குடு தம்பி."

மிஸ்பா தயங்கி வாங்கினாள்.

"அம்மணி, என் கை பட்டா நல்லது நடக்கும்னு ஊரே சொல்லும். இன்னைக்கு உன் பேரு கெடப் பாத்துச்சே! மன்னிச்சுக்கோ சாமி. தை மாசம் எங்க புது எண்ணெய்ச் செக்கு ஓடத் தொடங்குது. சுவிட்ச நீதான் போடோணும். நான் பக்கத்துல நிக்கறேன்."

"ஐயோ, நானுங்களா..." என்றாள் மிஸ்பா.

தனபால் எழுந்து கைகூப்பினார். "தப்பாப் பேசிட்டேன் அம்மணி. புள்ளைக்குக் குதிர கெடச்சதவிட, நீங்க எடுக்கலைங்கறதுதான் எனக்கு நிம்மதி."

 குத்தூஸ் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். "நாலு வருசமா பக்கத்துல நிக்கற புள்ளைய ஒரு நிமிசத்துல போகச் சொல்லிட்டேன். என்னைய மன்னிச்சுரும்மா. நாளைக்கு வந்துரு" என்றார். மிஸ்பா தலையசைத்தாள்.

அன்னூர்க்காரர்கள் கிளம்பிய பிறகு மிஸ்பா உள்ளே வந்தாள். சித்திகாவுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ரொம்ப நன்றிங்கறது சின்ன வார்த்தையா இருக்கு."

"கஞ்சிக்கு நான் இன்னும் சொல்லவே இல்லையே மிஸ்பா. உங்களால எங்கம்மா எந்திரிச்சு உக்காந்தாங்க. நன்றி."

மிஸ்பா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா? அவங்க எல்லாரையும் துருவித் துருவிக் கேட்டீங்க. நம்பரப் பாத்தவ நான் ஒருத்திதான். என்னைய மட்டும் ஒரு கேள்விகூடக் கேக்கல. ஏன்?"

"நீங்கதான் சொல்லிட்டீங்களே, எடுக்கலைன்னு."