இறங்காத தகடு

அடுப்பு இன்னும் மூட்டப்படவில்லை. ஆனாலும் கொட்டகைக்குள்ளிருந்து ரப்பர் வேகும் வாடை வந்தது.

ஃபிட்டர் வீரமுத்து வாசலிலேயே நின்றுவிட்டான். மலாயாவில், கோலா சாவா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், ஜப்பான்காரன் லாரிக்காக ரப்பரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் கொட்டகை அது. மண்சுவருக்கு இந்தப் பக்கம் டிரம். அந்தப் பக்கம் அடுப்பு வாய். டிரம்முக்குள் நடப்பது அடுப்படியில் இருப்பவருக்குத் தெரியாது என்பதால், சுவருக்கு மேலே தகரத் தகடு ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டவன் அவன்தான். தகடு மேலே நின்றால் விறகு போட வேண்டும். உள்ளே ஆவி முட்டினால் தகடு தானாக இறங்கும். உடனே நெருப்பை வெளியே இழுத்துவிட வேண்டும்.

"உள்ள என்னா நடக்குதுன்னு நான் ஏன் தம்பி பாக்கணும்? ஒன் தகடு சொன்னா போதும்லா," என்று அடுப்புக்கு விறகு போடும் மங்கம்மா அப்போது வெற்றிலை மென்றபடி சிரித்திருந்தாள். பார்க்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் தகட்டைப் பார்க்கப் பழகியிருந்தாள்.

போன வாரம் எண்ணெய் குறைந்தது. இனியும் குறைந்தால் போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு அவன் பெயர்தான் போகும் என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. மறுநாள் காலை வீரமுத்து, நெருப்பை இழுக்காமல் எரித்தால் எண்ணெய் கூடும் என்று, தகடு இறங்காதபடி கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினான். யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் டிரம் வெடித்தது. மங்கம்மாவைச் சாக்கில் அள்ளினார்கள். அடுப்படியில் தூங்கிவிட்டாள் என்று ஊரே சொன்னது. அவனும் தலையாட்டினான்.

கட்டுக்கம்பியை அன்றே அவிழ்த்துச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டான். புது டிரம்மை நாளைதான் மூட்டுவதாக இருந்தது.

சாயங்கால மழை கூரைத் தகரத்தில் இரைந்துகொண்டிருக்க, அந்த இரைச்சலுக்கு அடியில் விறகு படபடவென்று வெடிப்பதும், புது டிரம் வயிறு உப்பி முனகுவதும், அதற்கும் அடியில் யாரோ நிதானமாக வெற்றிலை மெல்லுவதும் கேட்டன. நிமிர்ந்து பார்த்தான். டிரம் முனகியும் தகடு இறங்கவில்லை. அதில் கட்டுக்கம்பி. அவன் முறுக்கிய அதே முறுக்கு.

சட்டைப்பையைத் தடவினான். காலி.

எட்டி அவிழ்க்கப் பார்த்தான். சுட்டது. விரல் தோல் கம்பியோடு ஒட்டிக்கொண்டது.

"அக்கா," என்றான். "போடாதீங்க."

"தகடு எறங்கலையே, தம்பி."

குரலில் கோபம் இல்லை. சுவரைச் சுற்றிப் போய்ப் பார்த்தான்.

விறகு தீர்ந்திருந்தது. மங்கம்மா தன் கையை முழங்கை வரை அடுப்புக்குள் கொடுத்து, இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். கண்கள் தகட்டிலேயே இருந்தன.