பதிவில் இல்லாத மூச்சு

அந்த மூச்சு பதிவில் இருந்ததில்லை. ஒரு மணி நேர இசைப்பதிவை மனப்பாடமாகும்வரை வீட்டில் கேட்டு, எந்த இடத்தில் இசைக்கலவை மேசையின் எந்தக் குமிழின்மேல் விரல் வைக்க வேண்டும் என்று கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்த அவனுக்கு அது ஐயமறத் தெரியும். வியர்வையும் ஈரச்சுவரும் கலந்த வாடை அந்த நிலவறை அரங்கின் கூரைவரை எழும்பியிருக்க, நீல வெளிச்சத்தில் ஆடுவோரின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்க, அவனுடைய ஹெட்ஃபோனின் இடப்பக்கத்தில் மட்டும் யாரோ நிதானமாக மூச்சுவிட்டார்கள்.

அவனுடைய கைகள் குமிழ்களின்மேல் ஓடின. எதையும் திருகவில்லை, திருகுவதாகப் பாவனை செய்தன. பாட்டோடு பாட்டைக் கோக்கும் வித்தை அவனுக்கு வராது. அது அவன் கூட்டாளி சுருட்டையின் வித்தை. இருவரும் சேர்ந்து தொடங்கிய அந்த மாதாந்திர இசையிரவுக்குச் சுவரொட்டி ஒட்டி ஆள் திரட்டியது அவன். மேசையை ஆண்டது சுருட்டை. மழையில் வண்டி சறுக்கிச் சுருட்டை இறந்தபின், அவன் உயிரோடிருந்தபோது வீட்டில் பழகிப் பதிந்து வைத்திருந்தவற்றை மாதம் ஒன்றாக ஓடவிட்டு, இவன் தன் பெயரை வளர்த்துக்கொண்டான். டிஜே என்று ஊர் அழைத்தது. அவனும் திரும்பிப் பார்த்தான்.

இன்று மேசைக்கு எதிரே சுருட்டையின் அக்கா நின்றிருந்தாள். தொடங்குமுன் அருகே வந்திருந்தாள்.

“இந்த இரைச்சலெல்லாம் எனக்கு ஒத்துக்காதுப்பா. காதுல பஞ்சு வச்சிட்டுத்தான் வந்திருக்கேன்” என்று சிரித்தவள், அவனுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். “அவன் கைவண்ணம் அப்படியே உன்கிட்ட இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு தடவை கண்ணால பாத்துட்டுப் போறேன்.”

“எல்லாம் அவன் கத்துக் குடுத்ததுதான்க்கா.”

அப்போது நாக்குக் கூசவில்லை. இப்போது உடம்பெல்லாம் கூசியது. அவள் அவனுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு நெருங்கியது. காதுமடல் சில்லிட்டது. நனைந்த சட்டையின் வாடை.

பிறகு ஒரு தாளம். பதிவில் இல்லாத தாளம்.

“அண்ணே, கையை எடுங்க.”

சுருட்டையின் குரல். அதில் கோபம் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

எடுத்தால் அம்பலம். அக்கா பார்க்கிறாள். அவன் குமிழ்களை இறுகப் பற்றினான். முதன்முறையாக, உண்மையாகவே பற்றினான்.

அவை அவன் பிடிக்குள்ளேயே திரும்பின.

கைகளை உதறினான். தலைக்குமேல் தூக்கினான். பிடிபட்டவனைப்போல.

கூட்டம் அதை உற்சாகம் என்று எண்ணியது. அரங்கிலிருந்த கைகளெல்லாம் உயர்ந்தன. ஆரவாரம். விசில்.

கீழே, குமிழ்கள் திரும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின்மேலும் ஈர விரல்தடம்.

அக்கா மட்டும் கையை உயர்த்தவில்லை. காதுப் பஞ்சை எடுத்தாள். அவள் பார்வை அவன்மேல் இல்லை. அவனுடைய இடத்தோளுக்குப் பக்கத்தில், ஆளில்லாத இடத்தில் இருந்தது.

இசை அடங்கியது. அந்த அமைதியில் அவள் குரல் கேட்டது.

“ஏன்டா, இன்னுமா தலை துவட்டல?”