கெளுத்தியான மிராசுதார்

"டீச்சரம்மா, எங்க ஊட்டுக்காரரைப் போலீஸ் புடிச்சிருச்சுங்க! இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள தாலுகா ஆபீஸ்ல அவரே போயி குத்தகையைப் பதியாட்டி, நாங்க உழுவுற நெலம் போச்சு!" காளியம்மாளுக்கு மூச்சு இரைத்தது.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஹபீபுன்னிசா, அவள் நீட்டிய சுவரொட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தங்கை மகள் ஆசியா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். மிராசுதார் குஞ்சிதபாதத்தின் முகத்தோடு ஒரு கெளுத்தி மீன் சேற்றில் புரள, ஆட்கள் அரிவாளோடு அதன்மேல் ஏறியிருந்தார்கள். பின்னால் வைக்கோல்போர் எரிந்தது.

நேற்றுக் காலை இதே படம் மிராசுதார் வீட்டுக் கதவிலும் ஊர்ச் சுவர்களிலும் ஒட்டியிருந்தது. மாலையில் அவருடைய போர் நிஜமாகவே எரிந்தது. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம். ஊரில் துணி அச்சுக்கட்டை செதுக்கும் ஒரே ஆள், காளியம்மாளின் கணவரும் மிராசுதாரின் குத்தகைக்காரருமான காத்தான். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

மூன்று மணிக்கு, ஹபீபுன்னிசா கேட்டுக்கொண்டபடி, மிராசுதார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் விலங்கோடு காத்தான். பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் ஒரு ஜப்பானிய மர அச்சுப்படம். அதில் ஆட்கள் கூடிப் பெரிய கெளுத்தியை மொத்திக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா கப்பல்ல கொண்டாந்தது. யாரையும் தொட விடமாட்டேன்." மிராசுதார், கட்டுப்போட்ட பெருவிரலால் இடுப்பிலிருந்த அலமாரிச் சாவியைத் தட்டினார்.

"பூமிக்கடியில கெளுத்தி புரண்டா நிலநடுக்கம்னு ஜப்பான்ல ஒரு பேச்சுங்க," என்றார் ஹபீபுன்னிசா நிதானமாக. "பணக்காரங்க வீடு சரிஞ்சா, திரும்பக் கட்டுற ஏழைக்கு வேலை கிடைக்கும். அந்தத் துக்கத்துலயும் சிரிக்க இப்படிப் படம் போட்டு வித்தாங்க."

கதை சொல்ல இதுவா நேரம்! ஆசியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆசியா, ரெண்டு படத்தையும் பாரு."

"பெரியம்மா, மீன் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கு! சுவரொட்டியில எல்லாருக்கும் இடது கையில அரிவாள்!"

"கட்டையில வெட்டுறது காகிதத்துல இடம் வலம் மாறித்தான் விழும். அதனால அச்சு வெட்டுறவங்க மாத்தித்தான் வெட்டுவாங்க. காத்தானுக்கு அது கைப்பழக்கம். இதை வெட்டினவருக்கு அது தெரியலை. அலமாரிப் படத்தை வெளியே எடுத்து, மேல காகிதம் வச்சு நகலெடுத்து, அப்படியே கட்டையில வெட்டியிருக்கார். சாவி யார்கிட்ட இருக்கு?"

குஞ்சிதபாதம் வெடித்தார். "என்னை நானே கேவலப்படுத்திக்குவேனா?"

"கேலிக்கு ஆளானவரை, போர் எரிஞ்சவரை யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு தெரிஞ்சவர் நீங்க. இன்னிக்குக் காத்தான் பதியாட்டி நிலம் உங்களுக்குத்தானே? விரல்ல போட்ட கட்டை அவிழுங்க, உளி பட்ட காயத்தைப் பார்ப்போம்."

மிராசுதார் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அந்த ஒரு செய்கை போதுமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் காத்தானின் விலங்கைக் கழற்றினார்.

காத்தானுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மிராசுதாரை நோக்கி ஓரடி வைத்தார். காளியம்மாள் அவர் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

"அவரை அப்புறம் பாத்துக்கலாம். தாலுகா ஆபீஸ் பஸ் போயிரும், வாங்க!"