தலை சுற்றாத வகுப்பு

நிலவில் இருக்கும் புதுநாமக்கல் குடியேற்றத்தில், பள்ளி விட்டதும் தாய்மார்கள் பிள்ளைகளிடம் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனை தடவை வாந்தி?" என்பதுதான். ஒன்றுமில்லை என்றால் முகம் சுருங்கிவிடும். நிறைய என்றால், பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொல்லச் சொல்வார்கள். பாடம் ஏறுகிறது என்பதற்கு அவர்களுக்கு அதுதான் அத்தாட்சி.

எல்லாம் மூழ்குபாடம் செய்கிற வேலை. காட்சிக்கவசத்தை மாட்டினால் பிள்ளை காவிரியில் பரிசலில் போகும். கண், "ஆற்றில் போகிறோம்" என்று சொல்லும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ, "நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறோம்" என்று மறுக்கும். இரண்டும் சண்டை போட, பாவம், வயிறு மாட்டிக்கொள்ளும்.

எட்டாம் வகுப்பு ஆதிரைக்கு அந்தச் சண்டை ரொம்பவே அதிகம். மதியச் சோறு இறங்காமல் துரும்பாக இளைத்துவிட்டாள். ஆசிரியை செண்பகவல்லிக்கு மனசு கேட்கவில்லை. விடுமுறையெல்லாம் உட்கார்ந்து, பரிசல் சாயும் பக்கமே சாயும் ஓர் 'இசைவிருக்கை' செய்தார். கண்ணும் காதும் ராசியாகிவிட்டன. ஆதிரை வயிறாரச் சாப்பிட்டாள். ஆறு வளையும் இடத்தில் மணல் ஏன் உள்பக்கம் சேர்கிறது என்று தானே விளக்கவும் செய்தாள்.

மறுவாரமே அவள் அம்மா கோதைநாயகி வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், புள்ள சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வருதுங்க. பாடம் நடத்துறீங்களா, இல்லீங்களா?"

"நல்லாப் படிக்கிறாளுங்க. ஆத்தைப் பத்திக் கேட்டுப் பாருங்க."

"அதெல்லாம் சொல்றாளுங்க. ஆனா கஷ்டப்பட்ட மாதிரியே தெரியலீங்களே. எதிர்ப் பள்ளிக்கூடத்துல ஒரு பையன் மயக்கமே போட்டுட்டானாமுங்க. கோச்சிங்னா அது கோச்சிங். திங்கக்கிழமை இவளை அங்க சேர்த்துடறோமுங்க."

அங்கே பரிசலை இரட்டை வேகத்தில் விடுவார்கள். ஆதிரை தாங்கமாட்டாள். செண்பகவல்லி எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தார், கோதைநாயகி அசையவில்லை.

அன்றே பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். வகுப்பில் எப்படியும் இருக்கலாம். வாசலைத் தாண்டும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நடிப்பதற்குப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ஒரே மதியத்தில் தேறிவிட்டார்கள்.

மாலையில் ஆதிரை தள்ளாடி வந்து அம்மாவின் தோளில் சாய்ந்தாள். கோதைநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. மகளை அணைத்தபடியே செண்பகவல்லியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இப்பத்தானுங்க டீச்சர், படிக்கிற புள்ள மாதிரி இருக்கா. சின்னவளையும் உங்ககிட்டயே சேர்த்துடறேனுங்க."